ஊதினால் தெரியாத போதை

ஹோலிப் பண்டிகை வந்தால், தலைநகர் தில்லியின் முக்கியச் சாலைச் சந்திப்புகளில் போக்குவரத்துக் காவலர்கள் மூச்சுப் பரிசோதனைக் கருவியுடன் நிற்பது ஆண்டுதோறும் காணும் காட்சி. மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டி வருபவர் ஊதியதும் கருவி காட்டிக் கொடுத்துவிடுகிறது. அவர் மீது வழக்குப் பதிவாகிறது. அவருக்குப் பின்னால் வருபவர், பாங் கலந்த தண்டாயை இரண்டு குவளை அருந்தியவராக இருந்தால்? கருவி காட்டுவது பூஜ்யம். போகலாம் என்று கையசைப்பதைத் தவிர, காவலருக்குப் பெரும்பாலும் வேறு வழியில்லை.

காவலரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் தரப்பட்டிருக்கும் கருவி மதுவை மட்டுமே அறியும். அவருக்குத் துணை நிற்க வேண்டிய சட்டமும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கிறது. கஞ்சாவோ வேறு போதைப்பொருளோ உட்கொண்டு வாகனம் ஓட்டுவது குற்றம் என்று எழுதி வைத்துவிட்டு, அந்தக் குற்றத்தைக் கண்டறியும் வழியை எழுதாமல் விட்டுவிட்ட சட்டம் நம்முடையது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு இரண்டு குற்றங்களைச் சொல்கிறது. முதலாவது, 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவது. இரண்டாவது, வாகனத்தைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்குப் போதைப்பொருளின் பிடியில் இருந்துகொண்டு ஓட்டுவது. இரண்டுக்கும் தண்டனை ஒன்றுதான். முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது ரூ. 10 ஆயிரம் அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ. 15 ஆயிரம் அபராதம் அல்லது இரண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்னர் இந்த அபராதம் ரூ. 2 ஆயிரமும் ரூ. 3 ஆயிரமுமாக இருந்தது.

தண்டனையில் குறையில்லை. அதற்கு முந்தைய படியில்தான் கோளாறு. கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் 203, 204 ஆகிய பிரிவுகளில் கூறப்பட்ட பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், தவறினால் விடுவித்துவிட வேண்டும் என்கிறது 202-ஆவது பிரிவு. சரி, 203-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? மூச்சுப் பரிசோதனை பற்றிச் சொல்கிறது. மூச்சுப் பரிசோதனை என்றால் ரத்தத்தில் மது இருப்பதை அறியும் சோதனை என்று விளக்கமும் தருகிறது. 204-ஆவது பிரிவு ரத்த மாதிரி எடுப்பது பற்றியது. எப்போது எடுக்கலாம்? மூச்சுக் கருவி மது இருப்பதாகக் காட்டினால் எடுக்கலாம். அல்லது ஊதிக்காட்ட மறுத்தாலோ தவறினாலோ எடுக்கலாம். தயங்காமல் ஊதி, பூஜ்யம் காட்டியவரிடம் ரத்தம் எடுக்க இந்தப் பிரிவில் இடமில்லை. கஞ்சா புகைத்துவிட்டு வந்தவர் மனமுவந்து ஊதுவதுதான் தப்பிப்பதற்கான வழி என்று ஆகிறது.

கைதான நபரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப, பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 51-ஆவது பிரிவு போலீஸாருக்கு அதிகாரம் தருகிறதே என்று சட்டம் அறிந்தவர்கள் கேட்கக்கூடும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு அது. உயிரிழப்பு நேர்ந்துவிட்ட பெரிய விபத்துகளில் அந்தச் சுற்றுவழி உதவும். நள்ளிரவில் நெடுஞ்சாலையில் நிற்கும் காவலருக்கு, கண் சிவந்திருக்கும் ஓட்டுநரை அடுத்த பத்து நிமிஷத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு அது விடையாகாது. விபத்து நடந்த பிறகு கிடைக்கும் சாட்சியம் வழக்குக்குப் பயன்படும், விபத்தைத் தடுக்காது.

2019 ஜூலையில் மோட்டார் வாகனத் திருத்த மசோதா மக்களவையிலும் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அதற்கு முன் 2017 ஏப்ரலில் மக்களவை நிறைவேற்றிய மசோதா, மாநிலங்களவையில் தெரிவுக் குழு வரை சென்று, பின்னர் காலாவதியாகிப் போனது. ஆக, இரண்டு மக்களவைகளின் காலம் கையில் இருந்தது. விவாதத்தில் பெரிதும் அடிபட்டவை மாநில உரிமையும் அபராத உயர்வும். செப்டம்பர் 1-ஆம் தேதி சட்டம் அமலுக்கு வந்தவுடன், குஜராத் உள்ளிட்ட சில மாநிலங்கள் பல இனங்களில் அபராதத்தைக் குறைத்துக்கொண்டதுதான் செய்தியானது. அதே திருத்தத்தில் 185-ஆவது பிரிவில் போதைப்பொருள் என்பதற்குப் புதிய விளக்கம் ஒன்று சேர்க்கப்பட்டது. அதை யாரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்த விளக்கத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும். மது நீங்கலாக, இயற்கையானதோ செயற்கையானதோ, மத்திய அரசு அறிவிக்கை செய்யும் போதையூட்டும் பொருள் எதுவும் இதில் அடங்கும். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வரையறுக்கப்பட்ட போதைப்பொருள்களும் அடங்கும் என்கிறது அது. கேட்பதற்கு முழுமையாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டினால், கஞ்சா என்பதற்கு அது தரும் வரையறை பூ, காய்களுடன் கூடிய நுனிப்பகுதி மட்டுமே. நுனியோடு சேராமல் தனித்து இருக்கும் இலையும் விதையும் அதில் சேரா. செடியின் பிசினான சரஸ் தடை செய்யப்பட்டது. பூ தடை செய்யப்பட்டது. இலை தடை செய்யப்படவில்லை. அந்த இலையை அரைத்தால் பாங். 1961-ஆம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தமும் இலையை இப்படியே விட்டு வைத்திருக்கிறது. பாங் தடை செய்யப்பட்ட பானம் என்று 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எங்கும் கூறப்படவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டு ஒரு ஜாமீன் உத்தரவில் குறிப்பிட்டதும் இதனால்தான்.

பாங் என்பது தென்னகத்து வாசகர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத சொல். வட மாநிலங்களில் அது சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் உரிய பிரசாதம் போன்றது. வாராணசியின் சந்துகளிலும் ஜெய்சல்மேர் கோட்டை வாயிலிலும் அரசு உரிமம் பெற்ற பாங் கடைகள் பகிரங்கமாக நடக்கின்றன. அந்த வழக்கத்தை இங்கே நாம் பழிக்க வரவில்லை. பாட்டனும் பேரனும் சேர்ந்து அருந்தும் ஒரு பானத்தைச் சட்டத்தால் ஒழிக்க முடியாது என்பதை வரலாறும் சொல்கிறது. கேள்வி வேறு. பாங் அருந்திவிட்டு ஒருவர் காரோட்டி வந்தால், 185-ஆவது பிரிவு அவரைத் தொடுமா, தொடாதா? அறிவிக்கை செய்யப்பட்ட பொருளா அது என்று எதிர்த்தரப்பு வழக்குரைஞர் கேட்டால், அரசுத் தரப்பு தடுமாற வேண்டியிருக்கும். இப்படி ஒரு ஐயத்துக்கே இடம் வைத்திருக்கக் கூடாது.

இது சிறுபான்மையோர் பற்றிய கவலையும் அல்ல. சமூகநீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நாடு முழுவதும் நடத்தி, 2019-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, முந்தைய ஓராண்டில் கஞ்சாச் செடியின் ஏதேனும் ஒரு வடிவத்தை உட்கொண்டவர்கள் 3.1 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. இதில் பாங் உட்கொண்டோர் ஏறத்தாழ 2.2 கோடி, கஞ்சாவும் சரஸும் புகைத்தோர் ஏறத்தாழ 1.3 கோடி. இரண்டையும் உபயோகித்தோர் இரு கணக்கிலும் வருவர். இவர்களில் எத்தனை பேர் அந்த நிலையில் வாகனம் ஓட்டினர் என்பதற்கு மட்டும் கணக்கில்லை.

ஏன் கணக்கில்லை என்றால், நாம் எண்ணவில்லை. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டு 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். காரணங்களின் பட்டியலில் மதுவும் போதைப்பொருளும் ஒரே வரிசையில் ஒன்றாகவே இடம்பெறுகின்றன. அந்த வரிசையின் பங்கு மொத்த உயிரிழப்பில் 3 சதவீதத்துக்கும் குறைவு. பத்தில் ஏழு சாவு அதிவேகத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. அந்த வேகத்துக்குப் பின்னால் இருந்தது என்ன என்று யார் பார்த்தார்கள்? ரத்தமே எடுக்காத இடத்தில் போதை எப்படிப் பட்டியலில் ஏறும்? சோதிக்காததால் எண்ணிக்கை இல்லை. எண்ணிக்கை இல்லாததால் பிரச்னையே இல்லை என்று அதிகாரிகள் நினைக்க வசதியாகிறது.

கஞ்சா உட்கொண்டவர் நன்றாகவே ஓட்டுவார், மது அருந்தியவரைப் போல் பறக்க மாட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. மது துணிச்சலைத் தருகிறது. கஞ்சா எச்சரிக்கையைத் தருகிறது. உட்கொண்டவர் வேகத்தைக் குறைக்கிறார், முன்னே செல்லும் வாகனத்துக்கு இடைவெளி விடுகிறார். மாதிரி வாகனங்களில் அமர்த்திச் செய்யப்பட்ட சோதனைகள் பலவற்றில் இது தெரிந்திருக்கிறது. ஆனால், அதே சோதனைகளில் வேறொன்றும் தெரிந்தது. வாகனம் தன் தடத்தில் நேராகச் செல்லாமல் இருபுறமும் அலைகிறது. எதிர்பாராதது குறுக்கிட்டால் கால் தடையை அழுத்துவதற்குத் தாமதமாகிறது. ஒரே நேரத்தில் கண்ணாடியையும் சாலையையும் ஓரத்தில் நிற்பவரையும் கவனிக்கும் திறன் குறைகிறது. காலமும் தூரமும் பற்றிய மதிப்பீடு பிசகுகிறது. தடம் பிரித்த காலியான சாலையில் மெதுவாகச் சென்றால் இவற்றைச் சமாளித்துவிடலாம். எதிர்த்திசையில் வரும் டிராக்டரும், விளக்கில்லாத மாட்டு வண்டியும், திடீரென்று குறுக்கே ஓடும் குழந்தையும் உள்ள நம் சாலையில் சமாளிக்க முடியுமா என்பதே கேள்வி.

அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 191 பேரிடம் நடத்தி 2022-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நம் கவனத்துக்கு உரியது. புகைத்து ஒன்றரை மணி நேரமான பிறகு, இனி ஓட்டலாம் என்று நினைத்தவர்களின் எண்ணிக்கை கூடியது. அவர்களுடைய ஓட்டும் திறனோ அரை மணி நேரத்தில் இருந்ததைவிட மேம்படவில்லை. நான்கரை மணி நேரமான பிறகே ஏறத்தாழப் பழைய நிலை திரும்பியது. தெளிந்துவிட்டோம் என்ற எண்ணம் தெளிவுக்கு முன்பே வந்துவிடுகிறது. புகைப்பதற்கே இப்படி என்றால், உண்பதும் குடிப்பதும் இன்னும் வில்லங்கம். வயிற்றுக்குள் சென்ற பாங் வேலை செய்யத் தொடங்கவே அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ஒன்றும் ஏறவில்லையே என்று இன்னொரு குவளை அருந்துகிறவர்கள் எத்தனையோ பேர். உறவினர் வீட்டில் இருந்தபோது தெளிவாகத் தெரிந்தவர், பாதி வழியில் நிலை மாறுகிறார். அதன் பிறகு பல மணி நேரம் நீடிக்கிறது.

விபத்துக்கான வாய்ப்பு எவ்வளவு கூடுகிறது என்பதில் ஆய்வுகள் ஒன்றுபடவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2012-ல் வந்த தொகுப்பாய்வு ஏறத்தாழ இரு மடங்கு என்றது. 2016-ல் நார்வே ஆய்வாளர்கள் அதே தரவுகளை மறுபடி அலசி, கூடுதல் அபாயம் அதைவிடக் குறைவு என்றனர். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வர்ஜீனியா பீச் நகரில் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வில், வயதையும் பாலினத்தையும் மதுவையும் கணக்கில் கழித்த பிறகு, கஞ்சாவால் மட்டும் கூடும் அபாயம் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எதுவும் எஞ்சவில்லை. மதுவின் அபாயம் இவை அனைத்தையும்விடப் பல மடங்கு பெரியது. அதில் எந்த ஆய்வுக்கும் ஐயமில்லை. இரண்டும் சேர்ந்தால் தனித்தனியே உள்ளதைவிட மோசம் என்பதும் திரும்பத் திரும்பக் காணப்பட்ட முடிவு. ஹோலி நாளில் பலர் செய்வது அதைத்தான். மது 30 மில்லி கிராமுக்குள் இருப்பதால் தப்பிவிடுபவர், அதற்கு மேல் பாங்கும் அருந்தியிருந்தால் அவரைத் தகுதியுள்ள ஓட்டுநர் என்று எப்படிச் சொல்வது?

மதுவுக்கு இருப்பதுபோல் கஞ்சாவுக்கும் ஓர் எண்ணை நிர்ணயித்துவிட்டால் போதாதா? போதாது, இங்குதான் அவசரம் கூடாது. ரத்தத்தில் உள்ள மதுவின் அளவுக்கும் தள்ளாட்டத்துக்கும் ஓரளவு நேரான தொடர்பு உண்டு. கஞ்சாவின் போதைக்குக் காரணமான டி.எச்.சி. எனும் வேதிப்பொருள் அப்படிப்பட்டதல்ல. புகைத்த சில நிமிஷங்களில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போய் விரைவில் இறங்கிவிடுகிறது. போதை அதன் பிறகும் நிற்கிறது. மறுபுறம், அது உடலின் கொழுப்பில் படிந்து மெல்லக் கசிவதால், தினமும் உட்கொள்பவரின் ரத்தத்தில் நாள் கணக்கில் தடயம் இருக்கும். அப்போது அவருக்குப் போதை இருக்காது. இந்தச் சிக்கலுக்கு நாடுகள் வெவ்வேறு விடை கண்டிருக்கின்றன. பிரிட்டன் 2015-ல் ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 2 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. 2018-ல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய கனடா, ஒரு மில்லி லிட்டருக்கு 2 நானோகிராம், 5 நானோகிராம் என்று இரு படி வைத்து, மதுவும் சேர்ந்திருந்தால் தனி வரம்பும் வைத்தது. ஜெர்மனி 2024-ல் தன் வரம்பைத் தளர்த்தி, ரத்த நீரில் 3.5 நானோகிராம் ஆக்கியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2004 டிசம்பரிலேயே சாலையோரத்தில் உமிழ்நீர்ச் சோதனையைத் தொடங்கிவிட்டது. அங்கே தடயம் இருந்தாலே குற்றம். முந்தைய நாள் புகைத்தவரும் அகப்படுவதாக அங்கே எழும் குறை நியாயமானதே.

நம் நாட்டில் அந்த வழி இன்னும் ஆபத்தானது. உமிழ்நீர்ச் சோதனையில் நிறம் மாறினாலே சிறை என்று சட்டம் செய்தால், சோதனைக் கருவி மாமூல் வாங்கும் கருவியாக மாற எவ்வளவு நேரமாகும்? லாரி ஓட்டுநர்களுக்கு இது தெரியும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவில், கஞ்சா உட்கொண்டதற்கே 6 மாதம் வரை சிறைத் தண்டனை ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சட்டத்தைச் சாலைக்கு இழுத்து வருவது நம் நோக்கமாக இருக்கக் கூடாது. ஒருவர் உட்கொண்டாரா என்பதைவிட, அந்த நேரத்தில் அவரால் வண்டியை ஓட்ட முடிந்ததா என்பதே 185-ஆவது பிரிவின் கேள்வி. அந்தக் கேள்வி சரியானது. அதற்கு விடை காணும் முறையைத்தான் வகுக்க வேண்டும்.

வகுக்க முடியாததல்ல. நேர்கோட்டில் நடக்கச் சொல்வது, ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வது, கண்ணின் அசைவைப் பார்ப்பது என்று காவலர் செய்யக்கூடிய எளிய பரிசோதனைகள் பல நாடுகளில் உள்ளன. அவை மட்டும் போதுமானவை அல்ல. களைத்தவரும் நோயாளியும்கூட அவற்றில் தவறலாம். அந்தத் தடுமாற்றம் கண்ணுக்குத் தெரிந்து, உமிழ்நீரும் ஆம் என்று சொன்னால், ரத்த மாதிரி எடுக்கலாம். தடுமாற்றம் ஒளிப்பதிவில் இருக்க வேண்டும். ஆய்வக முடிவு உடன் வர வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வழக்கு. கேரள காவல்துறை 2022-ல் உமிழ்நீர்ப் பரிசோதனை வசதியுள்ள வாகனத்தைச் சாலைக்குக் கொண்டு வந்தது. மற்ற சில மாநிலங்களும் முயன்று வருகின்றன. இவை வரவேற்கத்தக்க முயற்சிகள்தாம். ஆனால், 203, 204 ஆகிய பிரிவுகளில் உமிழ்நீர் என்ற சொல்லே இல்லாத வரையில், நீதிமன்றத்தில் இவை எவ்வளவு தூரம் நிற்கும்?

லாரி ஓட்டுநர்களைக் குறிப்பிட்டோம். ஒரு தன்னார்வ அமைப்பு 2020-ல் பத்து நகரங்களில் நடத்திய ஆய்வில், நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 12 மணி நேரம் தாங்கள் ஓட்டுவதாக லாரி ஓட்டுநர்கள் கூறினர். தூக்கத்தை விரட்ட ஏதேனும் ஒரு போதைப்பொருளை நாடுவதாக ஒப்புக்கொண்டவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவரை அது தொடவில்லை. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர்களே மிகுந்த ஒரு தொழிலில் இதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அவர்களுடைய உமிழ்நீரைச் சோதிக்கப் புறப்படும் அரசு, அவர்கள் படுத்துறங்க நெடுஞ்சாலையில் எத்தனை இடங்கள் கட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காலம் கஞ்சாவுக்கு இசைவாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில், மிக ஆபத்தான பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க இந்தியா ஆதரவாக வாக்களித்தது. உத்தரகண்ட் 2018-லேயே போதை குறைந்த வகையைப் பயிரிட உரிமம் தந்தது. ஹிமாசலப் பிரதேசமும் அதே வழியில் அடியெடுத்து வைத்திருக்கிறது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கக் கோரும் தனிநபர் மசோதா முயற்சியை மக்களவையும் கண்டிருக்கிறது. இந்த வாதங்களில் நியாயம் இருக்கலாம். 1893-ல் பிரிட்டிஷ் அரசு நியமித்த கஞ்சா விசாரணைக் குழுவும், மிதமாக உபயோகித்தால் பெருங்கேடில்லை என்றுதான் மறு ஆண்டில் அறிக்கை தந்தது. ஆனால், அந்தக் குழு கூடியபோது இந்தியச் சாலைகளில் மோட்டார் வாகனம் என்பதே இல்லை. கனடா கஞ்சாவுக்குக் கதவைத் திறந்தபோது சாலைக்கான சட்டத்தையும் கையோடு கொண்டு வந்தது. நாம் பாங்குக்கு எப்போதோ கதவைத் திறந்து வைத்துவிட்டு, சாலையை மறந்துவிட்டோம். மதுக்கடைகளை நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் தள்ளி வைக்க உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. அதே சாலையோரத்துப் பாங் கடையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மத்திய அரசு செய்ய வேண்டியவற்றில் இரண்டுக்கு நாடாளுமன்றம் கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. 185-ஆவது பிரிவின் கீழ் பாங்கையும் போதைப்பொருளாக அறிவிக்க அமைச்சகத்தின் ஓர் அறிவிக்கை போதும்; அதனால் பாங் கடைக்கோ பண்டிகைக்கோ எந்தத் தடையும் வந்துவிடாது. விபத்து விவரங்களைப் போலீஸார் இப்போது கணினியில்தான் பதிகிறார்கள். அதில் மது வேறு, போதைப்பொருள் வேறு, சோதிக்கப்படவில்லை என்பது வேறு என்று மூன்றாகப் பிரிப்பது ஒரு சுற்றறிக்கையில் முடியும் காரியம். 203, 204 ஆகிய பிரிவுகளைத் திருத்துவதற்கு மட்டும் மசோதா தேவை. அதற்கு எதிர்க்கட்சிகள் குறுக்கே நிற்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.